உஷார்! பாரப் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்!

எட்டியாந்தோட்டைப் பக்கம் போனாலும் சரி, இறக்குவானைப் பக்கம் போனாலும் சரி, இதைப் பார்க்கலாம். டிரக்டர் பெட்டி நிறைய விறகு. விறகுக்கு மேலே ஆட்கள். சில வேளை கைப்பிள்ளையோடு தாயும்! பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. பல பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லை. இது உங்களுக்குத் தெரியுமா?

கேகாலைப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு பையனுக்கு நடந்ததைக் கேளுங்கள். லேண்ட் மாஸ்டரில், அதாவது இருசில்லுக் கை டிரக்டரில், ரப்பர் விறகு ஏற்றி வந்தான். நீளக் கட்டைகள் பெட்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. மழை ஈரம். இறக்கத்தில் பெட்டி தள்ளத் தொடங்கியது. இடப்பக்கம் ஒதுக்க இடது கைப்பிடியிலுள்ள கிளட்ச்சைப் பிடித்தான். வண்டி வலப்பக்கம் திரும்பிப் பள்ளத்தில் பாய்ந்தது! உயிர் தப்பியது. கால் தப்பவில்லை.

வண்டியில் கோளாறு இல்லை. சமதரையில் பிடித்த பக்கம் திரும்பும் லேண்ட் மாஸ்டர், செங்குத்து இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும். கிளட்ச்சைப் பிடித்ததும் அந்தப் பக்கச் சில்லு இன்ஜினின் பிடியிலிருந்து விடுபடுகிறது. பாரம் தள்ள, அது வேகமாக ஓடுகிறது. மற்றச் சில்லு பின்தங்கிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் கையில் வண்டியைக் கொடுக்கிறோம்!

அடுத்தது, பாரம் இருக்கும் இடம். கட்டைகள் பின்னால் கனத்தால் கொக்கி மேலே தூக்கும். இழுக்கும் வண்டியின் பின்சில்லு தரையில் அழுந்தாது. பிரேக் பிடித்தால் வழுக்கும். காரில் ட்ரெய்லர் பூட்டுபவர்களுக்கும் இதே ஆபத்துதான்; வேகம் கூடக்கூடப் பெட்டி வாலாட்டும், கடைசியில் காரையே சுழற்றிப் போடும். அமெரிக்காவில் சொல்லும் கணக்கு, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது. 1,000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ. ஆனால் காருக்குக் குறித்திருக்கும் அளவைத் தாண்டவே கூடாது. தாண்டினால் முன்சில்லு லேசாகி ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது.

இவற்றைக் கண்டால் உஷார்!

பெட்டியின் முன்முனை மேல்நோக்கி நிற்கிறது. நேர்ப்பாதையிலும் பெட்டி இரு பக்கமும் ஆடுகிறது. கொக்கி முளைக்குப் பதிலாக ஏதோ கம்பித்துண்டு, அதற்கும் பூட்டு இல்லை. தண்ணீர்த் தாங்கி அரைகுறையாக நிரம்பியிருக்கிறது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் சாய்க்கும். டிரக்டரின் இரண்டு பிரேக் மிதிகளும் சேர்த்துப் பூட்டப்படவில்லை. ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பக்கம் இழுத்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது. செய்யவே செய்யாதீர்கள்! இறங்கத் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வாருங்கள். பாதி இறக்கத்தில் மாற்றப் போனால் வண்டி கையைவிட்டுப் போய்விடும்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, கொழுந்துச் சாக்கு மேலேயோ விறகு மேலேயோ ஏறச் சொன்னால் மாட்டோம் என்று சொல்லுங்கள். கங்காணி கோபித்தாலும் பரவாயில்லை. மே முதல் செப்டெம்பர் வரை நம் பக்கம் மழைக்காலம், ரோடு சேறு. நடந்தே வாருங்கள்.