ஓரிதழ்த்தாமரையின் ஐந்து இதழ்கள்

தாமரைக்கும் ஓரிதழ்த்தாமரைக்கும் பெயரளவில் அன்றி உறவில்லை. மழைக்குப் பின் வரப்போரங்களிலும் வறண்ட புல்வெளிகளிலும் பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்கு வளரும் இச்சிறு மூலிகை, வயலட் மலர்கள் அடங்கிய வயோலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

பெயரின் முற்பாதியான ‘ஓரிதழ்’ என்பதும், மலரைக் கைக்கண்ணாடியின் கீழ் வைத்தால் நிலைப்பதில்லை. அல்லி இதழ்கள், அதாவது வண்ணமுள்ள உள்வட்ட இதழ்கள், உண்மையில் ஐந்து. அவற்றுள் கீழிதழ் மட்டும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் அகன்று விரிந்து, அடியில் குறுகிய காம்பு போலாகிச் சிறு பை போல் புடைத்திருக்க, மற்ற நான்கும் ஏறத்தாழப் புல்லி இதழ்களின் அளவிலேயே ஒடுங்கிவிடுகின்றன. மக்கள் வழக்கு அந்தப் பெரிய இதழைக் கண்டு பெயரிட்டது. செடியை உறுதிசெய்பவர் தேட வேண்டியதோ ஒடுங்கிய நான்கையும், சூலகத்தைச் சூழ்ந்து நெருங்கி நிற்கும் ஐந்து மகரந்தத்தாள்களையும், அவற்றின் உச்சியில் உள்ள சவ்வு போன்ற நீட்சிகளையுமே.

பூவில்லாத காலத்தில் அடையாளம் கடினப்படுகிறது. ஈட்டி வடிவில் குறுகி, மிகக் குறுங்காம்புடன் மாற்றடுக்கில், அதாவது கணுவுக்கு ஒன்றாக அமைந்த இலைகள் பல செடிகளுக்குப் பொதுவானவை என்பதால், இலைக்காம்பின் அடியில் நிற்கும் நுண்ணிய இலையடிச்செதில்களையும், இலைக்கக்கத்தில் தனியாகத் தோன்றும் காயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உருண்டையான அக்காய் முதிர்ந்ததும் மூன்று பிளவுகளாக வெடித்து, நீளவாக்கில் வரியோடிய வெளிர்நிற விதைகளைக் காட்டுகிறது. லின்னேயஸ் 1753இல் இதற்கு ‘வயோலா என்னியாஸ்பெர்மா’ எனப் பெயரிட்டபோது கருத்தில் கொண்டது இவ்விதைகளையே. அக்கிரேக்கச் சொல்லுக்கு ஒன்பது விதையுடையது என்று பொருள். ஆயினும் காய்தோறும் ஒன்பதை எதிர்பார்ப்பவர் ஏமாறக்கூடும். பின்னர் ஹைபாந்தஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்ட செடி, 2015இல் ஆஃப்ரோஹைபாந்தஸ் என்னும் புதிய பேரினத்துக்குள் சென்றது. மூலிகை நூல்கள் பலவும் பழைய பெயரையே வைத்திருக்கின்றன.

பெயரளவில் நெருங்கி ஒலிக்கும் ‘ஓரிலைத்தாமரை’ முற்றிலும் வேறானது. நெர்வீலியா என்னும் அந்த நிலவாழ் ஆர்கிட், மலர்ந்து முடிந்த பின்னரே ஒற்றை வட்ட இலையை விடுகிறது. இரண்டும் செடியாக நிற்கும்போது குழப்பத்துக்கு இடமேயில்லை. பொடியாகிப் பொட்டலத்தில் வந்துவிட்டால் மேற்கூறிய அடையாளங்களில் எதையும் வெறுங்கண்ணால் சரிபார்க்க இயலாது, சீட்டில் அச்சான பெயரே எஞ்சும்.