வலிக்காத புண்ணே ஆபத்து

செருப்பு கடித்தால் வலிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு அது வலிப்பதே இல்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராத சர்க்கரை, பாத நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கடிக்கிறது. ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. சின்னக் கொப்புளம் தெரியாமலே புண்ணாகி, சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். நடக்க முடியாமல் போனால் வேலை, வருமானம், தன்னம்பிக்கை எல்லாமே ஆட்டம் காணும்.

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதைக் கண்டறியும் சோதனை எளிது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். தொட்டது தெரியாவிட்டால், உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள்.

வீட்டிலும் தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கால் ஆணியை பிளேடால் சீவக்கூடாது. கோயிலுக்குப் போனால், பிராகாரக் கல் கொதிக்கும் உச்சிவெயிலைத் தவிர்க்க வேண்டும்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வாங்கும்போதே காலில் உள்ள சிறு காயத்தையும் ஊழியரிடம் காட்டிவிடுவது நல்லது.