தலைமேல் ஒரு கை

சனிக்கிழமை முழுக்கு நின்றுபோய் மூன்று ஆண்டுகள் ஆயின என்றார் என் நண்பர். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். மனைவியார் உயிரோடிருந்த காலத்தில், வாரந்தோறும் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி அவர் உச்சியிலே வைத்துத் தேய்ப்பார். அரப்பும் எலுமிச்சையும் வெந்தயமும் அவித்தரைத்து முழுக வைப்பார். அம்மையார் மறைந்தபின் எண்ணெய்ப் போத்தல் அலுமாரியிலேயே இருக்கின்றது. தம் தலையைத் தாமே தேய்த்துக்கொள்ளல் ஆகாதோ எனின், ஆகும். ஆயினும் அது வேறு.

யப்பானிய முறைத் தலைச் சிகிச்சை என்று ஒன்று ஊரெங்கும் பேசப்படுவதைக் கனடாவிலிருக்கும் மகள் கைத்தொலைபேசியிற் கண்டிருக்கிறாள். "அப்பா, கொழும்பிலும் இருக்காம், ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று பணமும் அனுப்பிவிட்டாள். நண்பர் என்னிடம் வந்தார். "நீர் நாலு இடம் விசாரிக்கக் கூடியவர். எது நல்லதென்று பார்த்துச் சொல்லும்" என்றார். அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் உண்டு. ஆகவே இதனை வெறும் ஒப்பனைக் காரியமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அச்சிகிச்சை யாது? யப்பானியர் அதனை 'ஹெட் ஸ்பா' என ஆங்கில ஒலியிலேயே வழங்குவர். தலைமயிரை அன்றி, மயிர் முளைக்கும் தோலைப் பேணுவதே அதன் நோக்கம். முதலில் தோலைப் பார்ப்பர். எண்ணெயோ களிம்போ தடவி அழுக்கை இளக்குவர். நெற்றியோரம், செவிக்கு மேற்புறம், பிடரி ஆகிய இடங்களில் விரல் நுனிகளால் அழுத்தி, தோல் எலும்பின்மேல் மெல்ல நகருமாறு பிசைவர். பின் வெந்நீர் வார்த்துக் கழுவுவர். நகம் படாது, விரைவும் கூடாது. நீர் வளையமொன்று தலையைச் சூழ அருவிபோல் ஒழுகுவதைப் படங்களிற் கண்டு, அதுவே யப்பானிய முறையின் அடையாளம் என்று பலர் மயங்குவர். அத்தகைய வளையம் சீனத்திலும் வியட்நாமிலும் உள்ள தலைகழுவும் நிலையங்களிலும் உண்டு. வளையத்தைக் கண்டு இடத்தைத் தேர்வது, மேளத்தைக் கண்டு மணமகனைத் தேர்வது போன்றது.

கைத்தொழிலாக இக்கலைக்கு யப்பானில் நீண்ட வரலாறு உண்டு. 'அன்மா' எனப்படும் உடற்பிடிப்பு, எடோ காலத்தில் பெரும்பாலும் பார்வையிழந்தோரின் பிழைப்பாயிருந்தது. பார்வையற்றவராகிய சுகியாமா வாயிச்சி (1610 - 1694) என்னும் பேராசான், தம்மைப் போன்றோர் ஊசி மருத்துவமும் உடற்பிடிப்பும் பயிலக் கல்விச்சாலைகள் நிறுவினார். கண்ணில்லாதவரின் விரல் காணும் காட்சியை ஆசிரியர்களாகிய நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம். இன்று அந்நாட்டில் உடற்பிடிப்புச் செய்வோர் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், சிகை ஒப்பனையாளர் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் பயின்று உரிமம் பெறுதல் வேண்டும். பயின்ற கையே அங்கு மூலதனம், பெயர்ப் பலகையன்று.

இனி ஒரு வேடிக்கை. நாம் கடையில் வாங்கும் 'ஷாம்பூ' என்னும் சொல் எங்கிருந்து வந்தது? அழுத்து, பிசை என ஏவும் இந்திச் சொல்லாகிய 'சாம்போ'விலிருந்து. பாட்னாவில் 1759இற் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 1814இல் நீராவிக் குளிப்பகம் ஒன்றைத் தொடங்கி, உடற்பிடிப்புக்குப் பெயர்பெற்று, நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கே 'ஷாம்பூ வைத்தியர்' ஆனார். அக்காலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் பிடித்துவிடுதல். தலைகழுவுதல் என்ற பொருள் பின்னர் வந்தது. கீழ்த்திசைக் கையின் பெயரை மேற்றிசை எடுத்துச்சென்று, நுரையை அதற்குள் அடைத்து, நமக்கே திருப்பி விற்றது. இன்று கையைத் தேடி நாம் யப்பானுக்குப் போகிறோம்!

போக வேண்டியதில்லை என்பது என் கருத்தன்று. ஆனால் நம்மிடம் உள்ளதையும் அறிந்து போதல் நன்று. ஆடவர் புதனும் சனியும், பெண்டிர் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் முழுகுதல் நம் வழக்கு. சித்திரைப் புத்தாண்டுக்குத் தாமரைப்பூ, தாழம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன இட்டுக் காய்ச்சிய மருத்துநீரைப் பெரியோர் கையால் தலையில் வைப்பிக்கின்றோம். சிங்கள அயலவரும் அதே புத்தாண்டையொட்டி, சுபவேளை பார்த்து மூத்தோர் கையால் தலைக்கு எண்ணெய் வைக்கின்றனர். இரு சமூகத்தாரும் எண்ணெயை மட்டும் வேண்டவில்லை. வைக்கும் கை எவருடையது என்பதையும் பார்த்தனர்.

இவ்வளவும் படித்துக்கொண்டு இடம் பார்க்கப் புறப்பட்டேன்.

முதலிற் சென்றது காலி வீதியருகே கண்ணாடிக் கதவுடைய ஒரு நிலையம். குளிரூட்டிய அறை, மெல்லிசை, வாசனை. ஒரு சிறு கருவியை என் தலையில் வைத்துத் திரையிலே காட்டினர். நூறு மடங்கு பெருத்த என் தலைத்தோல் ஒரு வறண்ட குளம்போல் தோன்றியது. "வேர்கள் அடைபட்டிருக்கு சேர், பத்து முறை வந்தால் திரும்ப முளைக்கும்" என்றார் அங்கிருந்த இளைஞர். எவர் தலையையும் நூறு மடங்கு பெருக்கினால் அச்சம் தரும். மயிர் திரும்ப முளைக்கும் என்பதற்கு ஆதாரம் யாது என வினவினேன். யப்பானிய ஆராய்ச்சி என்றார். அப்படி ஓர் ஆராய்ச்சி மெய்யாகவே உண்டு. 2016இல் வெளியானது. ஒன்பது ஆடவர், நாளொன்றுக்கு நான்கு நிமிடம், 24 வாரம் தலைத்தோலைப் பிசையச் செய்தனர். மயிரின் சராசரிப் பருமன் 0.085 மில்லிமீற்றரிலிருந்து 0.092 ஆயிற்று. ஒன்பதே பேர், அவர்களும் நலமுடையோர், கூடியது பருமனே. வழுக்கையில் முளைத்ததென்று அதிற் கூறப்படவில்லை. இதனை மெல்ல எடுத்துரைத்தேன். இளைஞர் குளிர்பானம் வேண்டுமா என்று கேட்டார். என் நண்பரின் தலையிலோ, முளைப்பிக்க வேண்டிய பரப்பு மிகப் பெரிது. பத்து முறை போதாது.

அடுத்துக் கொட்டாஞ்சேனை. வீதியோரத்தில் பழைய சலூன் ஒன்று. முதியவர் ஒருவர் மயிர் வெட்டி முடித்ததும் கேளாமலே தலையைப் பிடித்துவிட்டார். என்ன கை! நெற்றிப்பொட்டில் இரு பெருவிரல்களை ஊன்றி அவர் சுழற்றியபோது, பரீட்சைத் தாள்கள் திருத்திய காலத்து வலிகளும் என்னை விட்டு அகன்றன. ஆனால் முடிவில், தாடையையும் உச்சியையும் பற்றிக் கழுத்தை 'நொடுக்'கென முறிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. "வேண்டாம் ஐயா" என்று கையைப் பிடித்தேன். "நாப்பது வருசமாச் செய்யிறன், ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை" என்றார். இருக்கலாம். எனினும் திடீரெனக் கழுத்தைத் திருப்புவதால் மூளைக்குச் செல்லும் நாடியின் உட்சுவர் கிழிதல் அரிதாயினும் நேர்வது. மருத்துவர் எச்சரிப்பது அதனையே. என் நண்பரின் கழுத்தை அக்கைகளிடம் ஒப்படைக்க நான் துணியவில்லை. தலையை மட்டும் பிடிக்கச் சொல்லலாம். பழகிய கை தானே திரும்பிவிடுமே!

கழுத்தைப் பற்றி இத்துணை அஞ்சுவானேன் எனச் சிலர் நகைக்கலாம். 1993இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். ஒப்பனை நிலையத்திலே தொட்டியின் விளிம்பில் கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலை கழுவியபின் அவர்களுக்குப் பக்கவாதக் குறிகள் தோன்றின. தலைச் சிகிச்சையோ தலைகழுவுவதிலும் நெடுநேரம் பிடிப்பது. ஆகவே முதியோர் முதலிற் பார்க்க வேண்டியது வாசனைத் தைலத்தை அன்று, தொட்டியின் விளிம்பை. உடல் முழுவதும் மட்டமாகக் கிடக்க, பிடரியின்கீழ் மெத்தென்ற தாங்கல் இருக்கிறதா? அடுத்தது துவாய்: ஒவ்வொருவருக்கும் புதிதா? சீப்பும் தூரிகையும் கழுவப்படுகின்றனவா? படர்தாமரையும் பேனும் யப்பானிய முறை, நாட்டு முறை என வேற்றுமை பாரா.

தலைவலி திடீரெனக் கடுமையாக வருவோர், தோலிற் புண் உள்ளோர், மயிர் வட்டவட்டமாக உதிர்வோர் எந்த நிலையத்துக்கும் போகுமுன் வைத்தியரிடம் போதல் வேண்டும். சித்த முறையை நாடுவோருக்கும் வழி உண்டு. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கியது. பதிவுபெற்ற வைத்தியர் யார் எனக் கேட்டறியலாம். கேட்பதற்குத்தான் நாம் வெட்கப்படுகிறோம்.

மூன்றாவது இடம் வெள்ளவத்தையிலேயே, ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில். இரண்டே கட்டில்கள். மலையகத்துப் பெண் ஒருத்தி, அழகுக்கலை பயின்றவள். நண்பரையும் உடன் அழைத்துச் சென்றேன். அவள் தலையைத் தொடுமுன், "கழுத்து வலி இருக்கா ஐயா? பிரசர் இருக்கா? மயக்கம் வருமா?" என்று கேட்டாள். மற்ற இரண்டிடத்திலும் எவரும் கேளாத கேள்வி! கட்டிலைத் தாழ்த்தித் துவாயைச் சுருட்டிப் பிடரியின்கீழ் வைத்தாள். மயிர் முளைக்குமா என நான் வேண்டுமென்றே கேட்டதற்கு, "அதெல்லாம் சொல்ல ஏலாது ஐயா. நல்லா நித்திரை வரும்" என்றாள்.

அங்கே யப்பானியர் மயிருக்கு இடும் 'சுபாக்கி' எண்ணெய்ச் சிமிழ் ஒன்று இருந்தது. அது தேயிலையின் இனத்ததாகிய கமெலியாவின் விதையிலிருந்து எடுப்பது என்றேன். "தேயிலையா? எங்க வீட்டுக்குப் பின்னால முழுக்க அதுதானே!" என்று சிரித்தாள்.

நண்பர் கண்மூடிக் கிடந்தார். சிறிது நேரத்தில் அவர் மூச்சு நீண்டு ஒலித்தது. எழுந்தபின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒழுங்கை முனையில் நின்று, "அடுத்த சனிக்கிழமை என் எண்ணெயைக் கொண்டுபோனால் வைப்பாளா?" என்றார்.

கேட்டுப் பாரும் என்றேன். அவர் கேட்டார். அவ்வாரம் அலுமாரியிலிருந்து பழைய போத்தலை எடுத்து மணந்து பார்த்தார்; காறிப்போயிருந்தது. சந்தைக்குப் போய்ப் புதிய நல்லெண்ணெய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு அவ்வீட்டு வாயிலில் நின்றார். அப்பெண் அதனை வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து, இளஞ்சூடு ஏறும்வரை காத்திருந்தாள்.