நம்ம வார்டு, நம்ம உடம்பு – 6: ஓர் அணா தீர்மானம்

மருத்துவமனை கட்டுவது கவுன்சிலர் கையில் இல்லை. டாக்டரைப் போடுவதும் மாற்றுவதும் அவரால் ஆகாது. பிறகு ஊர்மக்களின் ஆரோக்கியத்துக்கு அவர் என்னதான் செய்ய முடியும்? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை மாநகராட்சி மன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. பிட்டி தியாகராயர் 1882-இலேயே அந்த மன்றத்துக்குள் நுழைந்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று வாதாடிப் பழகிய மனிதர். 1920-இல் அவர் தலைவராக இருந்தபோது, செப்டம்பர் 16 அன்று ஒரு சின்னத் தீர்மானம் நிறைவேறியது: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், செலவு தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. ஓர் அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அங்கே படிக்கும் பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று தியாகராயர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார்.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆனது. பசித்த வயிற்றுக்கு ஒரு வேளை கிடைத்ததும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்! ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்தது. 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. கணக்குத் தலைப்பு சரியில்லை என்பதற்காகக் குழந்தைகளின் தட்டைப் பறித்த அந்த முடிவை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு என எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது அந்த ஓர் அணா தீர்மானம்தான்.

இனி பொத்தேரிக்கு வருவோம். மறைமலை நகர் நகராட்சிக்குள் அடங்கிய பகுதி இது. ஜி.எஸ்.டி. சாலை, கடற்கரை–செங்கல்பட்டு மின்ரயில் பாதை, பக்கத்திலேயே பல்கலைக்கழகம். அதைச் சுற்றி மாணவர் விடுதிகள், வாடகை அறைகள், மெஸ்கள். இங்கே உண்டு உறங்கும் எத்தனையோ பேருக்கு ஓட்டு வேறு ஊரில் இருக்கிறது.

இந்த ஊருக்கென்றே உள்ள ஒரு சிக்கலைப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டிலிருந்து பத்து நாள் போதும். அதனால்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை வந்து தொட்டியையும் டிரம்மையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கல்லூரி விடுமுறை விட்டால் அறைக்கு அறை பூட்டு. குளியலறை வாளியில் பாதித் தண்ணீர், மாடியில் மூடியில்லாத தொட்டி. பணியாளர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவதைத் தவிர வேறென்ன செய்வார்? தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் ஆபத்து முழுதாகத் தீராது. தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் பலன்.

கவுன்சிலருக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. எந்தக் கட்டடம் யாருடையது, சாவி யாரிடம், யாரைக் கூப்பிட்டால் கதவு திறக்கும் என்பது சுகாதார ஆய்வாளரைவிட வார்டு கவுன்சிலருக்கு நன்றாகத் தெரியும். விடுமுறைக்கு முந்தின வாரம் விடுதி உரிமையாளர்களை ஒன்றாக உட்கார வைத்து, தொட்டிகளைக் காலி செய்து தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள் என்று கேட்க அவருக்குப் பட்ஜெட் தேவையில்லை. மெஸ் வாசலில் கொட்டும் கழிவுநீர், ஏரிக்குப் போகும் கால்வாயில் சேரும் பிளாஸ்டிக், அந்தியில் வயதானவர்கள் பயமில்லாமல் நடக்க வேண்டிய தெருவுக்கு விளக்கு என எல்லாமே அவர் பேச வேண்டிய விஷயங்கள். பொதுச் சுகாதாரத்தை நகராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாக அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையே சொல்கிறது.

கேட்பதற்கு இடமும் உண்டு. 2022-இல் நகர்ப்புறங்களுக்கு வார்டு கமிட்டியும் பகுதி சபாவும் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, இதே ஜி.எஸ்.டி. சாலை வழியில் உள்ள தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஆனால் பகுதி சபா அந்தப் பகுதி வாக்காளர்களின் சபை. பொத்தேரி போன்ற ஊரில் காய்ச்சலில் படுக்கும் மாணவரும், மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் வெளியூர்த் தொழிலாளியும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. கொசு வாக்காளர் பட்டியலைப் பார்த்துக் கடிப்பதில்லை. ஓட்டில்லாத இவர்களைக் கவுன்சிலர்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். கேட்டதைச் சபாவில் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஆயிரம் விளக்கில் சாப்பிட்ட அந்தப் பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை. தியாகராயர் அவர்களுக்காகத்தான் தீர்மானம் கொண்டுவந்தார். பொத்தேரியில் அடுத்த பகுதி சபாவுக்குப் போகும் வாக்காளர்கள், பூட்டிய அறைகளின் தொட்டிகளைப் பற்றி ஒரு தீர்மானம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

(தொடரும்)