மால்டாத் தீவு தந்த விடை

வந்தாரை வரவேற்கும் பண்பைப் பற்றி நாம் பலகாலும் பேசுகின்றோம். நெடுநாள் தங்கியவரை வழியனுப்பும் பண்பைப் பற்றி அத்துணைப் பேசுவதில்லை. ஆயினும், ஓர் இல்லத்தின் அன்பு எத்தகையது என்பதை விருந்தினர் விடைபெறும் வேளையே நன்கு புலப்படுத்தும். இவ்வுண்மையை நமக்குக் கற்பிக்கும் ஒரு சிறு தீவின் வரலாறு, திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் காணக் கிடக்கிறது.

ஏறத்தாழக் கி.பி. 60-ஆம் ஆண்டு. சீசரின் நீதிமன்றத்தில் நிற்கவேண்டிய கைதியாகப் புனித சின்னப்பர் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் ஏறியிருந்த கப்பல் 14 நாள் புயலில் அலைப்புண்டது. பாரத்தைக் குறைக்கக் கோதுமையையும் கடலில் கொட்டிவிட்டனர். இறுதியில் கப்பல் மணல் திட்டில் மோதி உடைந்தது. நீந்த அறிந்தோர் நீந்தியும், ஏனையோர் பலகைகளைப் பற்றிக்கொண்டும் கரை சேர்ந்தனர். 276 பேரில் ஒருவரும் மாளவில்லை. கரையேறிய பின்னரே அத்தீவின் பெயர் மால்டா என அறிந்தனர்.

அங்கு வாழ்ந்தோர் கிரேக்கம் பேசாத மக்கள். வந்தவர்களோ வெறுங்கையர்; அவர்களுள் படைவீரரும் இருந்தனர், கைதிகளும் இருந்தனர். தீவினர் இவ்வேறுபாடு எதனையும் பாராட்டவில்லை. மழையும் குளிரும் வாட்டியதால் நெருப்பு மூட்டி அனைவரையும் அருகழைத்தனர். சின்னப்பரும் விருந்தினன் என்று வாளா அமர்ந்திருக்கவில்லை. தம் கையாலேயே சுள்ளி பொறுக்கி நெருப்பில் இட்டார். அவ்வேளையில் விரியன் பாம்பு ஒன்று அவர் கையைப் பற்றியும் அவருக்குத் தீங்கு நேரவில்லை.

தீவின் தலைவர் புப்லியு மூன்று நாள் அவர்களைத் தம் இல்லத்தில் அன்புடன் உபசரித்தார். அவர் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திக் கிடந்தார். சின்னப்பர் இறைவனை வேண்டி, அவர்மேல் கைகளை வைத்துக் குணப்படுத்தினார். அதனைக் கேள்வியுற்று, தீவிலிருந்த ஏனைய நோயாளரும் வந்து நலம் பெற்றனர்.

குளிர்காலத்தில் அக்காலக் கப்பல்கள் கடலில் செல்லத் துணிவதில்லை. ஆகவே மூன்று மாதம் அங்கே தங்க நேர்ந்தது. பின்னர், அத்தீவில் குளிர்காலத்தைக் கழித்த அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றில் அவர்கள் புறப்பட்டனர். அந்தப் புறப்பாட்டைப் புனித லூக்கா சுருங்கச் சொல்கிறார்: தீவினர் தங்களுக்குப் பல மரியாதைகள் செய்தனர் என்றும், பயணத்திற்குத் தேவையானவற்றைக் கப்பலில் ஏற்றித் தந்தனர் என்றும் குறிக்கிறார்.

சின்னப்பர் வாழ்வில் வேறு பல பிரிவுகளும் உண்டு. மிலேத்து நகரில் எபேசுத் திருச்சபையின் மூப்பர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதனர். தீர் நகரில் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைவரை வந்து, முழந்தாளிட்டுச் செபித்து அனுப்பினர். அவர்கள் யாவரும் விசுவாசிகள். மால்டா மக்களுக்கோ அந்த உறவு தொடக்கத்தில் இல்லை. எனினும், கண்ணீரைப் பற்றிய குறிப்பு இல்லாத இவ்விடத்தில் நிறைந்த உணவுமூட்டை இருக்கிறது. பிரியும் அன்பு, செல்பவரின் அடுத்த வேளைப் பசியையும் நினைக்கிறது.

நாம் விடைபெறும்போது 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்போம். சிறைக் காவலுடன் தீர்ப்பை நோக்கிச் சென்ற சின்னப்பர் அவ்வாறு உறுதி கூறும் நிலையில் இல்லை. திரும்பி வந்து கைம்மாறு செய்யக்கூடியவர் அவர் அல்லர் என்பது தீவினருக்கும் தெரிந்திருக்கும். அவ்வாறிருந்தும் கொடுத்தனரே, அங்கேதான் அவர்கள் பெருமை விளங்குகிறது. சின்னப்பரும் தம்மிடம் இருந்த ஒரே செல்வமாகிய செபத்தை அங்கே விட்டுச் சென்றார். மூன்று மாதத்தில் அவர் ஆற்றிய மறையுரை ஒன்றையேனும் லூக்கா எழுதவில்லை. நோயாளரைத் தொட்ட கைகளையே காட்டுகிறார்.

அந்த விடை வீண்போகவில்லை. புப்லியுவே தங்கள் முதல் ஆயர் என்பது மால்டா மக்களின் மரபு. ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள், சின்னப்பரின் கப்பற்சேதத்தை அவர்கள் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர். அவர் தங்கியதாகக் கருதப்படும் குகை ராபாத் நகரில் உள்ளது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஏப்ரலில் அங்கே செபித்தார். அப்பயணத்திலேயே கடல் கடந்து வந்த ஏதிலியரையும் சந்தித்தார்.

நம் இல்லங்களிலும் இத்தகைய நாள்கள் வருகின்றன. மருத்துவத்திற்காக வந்த உறவினர், படிப்பிற்காகத் தங்கிய அண்ணன் மகள், மாற்றலாகிச் செல்லும் பங்குத்தந்தை என விடைபெறுவோர் பலர். தங்கிய நாள்களின் செலவையும் சிறு மனத்தாங்கல்களையும் அவ்வேளையில் கணக்கிடுவோமாயின், முன்பு இட்ட சோறும் கசந்துபோம். மாறாக, கட்டுச்சோறு ஒன்று கட்டிக் கொடுத்து, குடும்பமாகக் கூடி ஒரு சிறு செபம் சொல்லி, அவர் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவோம். விடைபெறுவோராக நாம் இருக்கும்போதோ, அவ்வீட்டின் நோயாளியருகில் சற்று அமர்ந்து, அவருக்காக வேண்டிக்கொண்டு புறப்படுவோம்.

இவ்வுலகில் நாம் அனைவரும் சில காலம் தங்கிச் செல்வோரே. தங்கும்போது சுள்ளி பொறுக்குவோம். செல்லும்போது ஆசி விட்டுச் செல்வோம்.