புதுச்சேரி வெயிலும் ரியோமரின் சாராயமும்

1769 ஜூன் 4 காலை. சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் கடந்து போவதைப் பார்க்கப் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு காத்திருந்தார் கிய்யோம் லெ ஜான்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர். மேகம் மூடிக்கொண்டது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஏமாற்றத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1768 மார்ச்சிலிருந்து இங்கே தங்கியிருந்த அவர், இந்தக் கரையின் காற்றையும் பருவத்தையும் பற்றி எழுதிவைத்தவை அதைவிடப் பெறுமதியானவை என்பேன்.

அவரைப் போன்ற அக்காலப் பிரெஞ்சுக்காரர்கள் வெயிலை ரியோமர் அளவில் சொன்னார்கள். நம்முடைய 40 டிகிரி செல்சியஸ் அதில் வெறும் 32. பிரெஞ்சு அறிவியலாளர் ரியோமர் 1730-இல் செய்த வெப்பமானியில் இருந்தது தண்ணீர் கலந்த சாராயம். நீர் உறையும் நிலையில் 1000 பங்காக இருப்பது, நீர் கொதிக்கும் சூட்டில் 1080 பங்காகும்படி அதைக் கலந்தார். கூடிய 80 பங்குதான் அவருடைய 80 டிகிரி. வெப்பமானி நேரடியாக அளப்பது திரவத்தின் பருமனை என்பதை அந்த அளவே சொல்லிவிடுகிறது.

சூடு ஏறினால் மூலக்கூறுகளின் ஆட்டம் கூடும், அவை சராசரியாகச் சற்று விலகி நிற்கும், திரவம் பெருகும். ஆனால் அந்தப் பெருக்கம் கண்ணுக்கே தெரியாத அளவு. தண்ணீர் கலக்காத ஒரு லிட்டர் சாராயம் ஒரு டிகிரி செல்சியசுக்குச் சுமார் 1.1 மில்லிலிட்டர் கூடும். பாதரசம் 0.18 மில்லிலிட்டர்தான்.

இதைக் கண்ணுக்குக் காட்டுவதில்தான் கருவியின் திறமை இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் குமிழில் 100 கன மில்லிமீட்டர் பாதரசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு அது 0.018 கன மில்லிமீட்டர் கூடும். கண்ணாடிக் குமிழும் கொஞ்சம் விரிவதால் மிஞ்சுவது சுமார் 0.0155. குழாயின் துளை தலைமுடி அளவு, அதாவது 0.05 மில்லிமீட்டர் என்றால், அந்தத் துளிப் பாதரசம் எட்டு மில்லிமீட்டர் ஏறிவிடும்! குமிழுக்கு மேலே துளை இன்னும் குறுகியிருக்கும். குளிரும்போது பாதரச இழை அங்கே அறுந்து, ஏறிய இடத்திலேயே நிற்கும். உதறினால்தான் இறங்கும்.

ஆய்வகத் தெர்மாமீட்டரைத் திடீரென்று வெந்நீரில் இறக்கி உற்றுப் பாருங்கள். பாதரசம் ஒரு கணம் கீழே இறங்கி, பிறகு ஏறும். சூடு முதலில் கண்ணாடியைத் தொட்டுக் குமிழை விரிப்பதால் வரும் இறக்கம் அது.

தண்ணீர் வெப்பமானிக்கு உதவாது. 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை அது பெருகாமல் சுருங்கும். ஒரே உயரம் இரண்டு வெப்பநிலைகளைக் குறித்துவிடும். பாதரசம் கண்ணாடியில் ஒட்டாது, ஏறக்குறைய ஒரே சீராக விரியும், 357 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால் சாராயத்தை ஓரங்கட்டியது.

ஆனால் பாதரசத்தின் ஆவி நஞ்சு. கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வந்ததால் 2001-இல் மூடப்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது.

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் பத்திரமாக வையுங்கள். உடைந்துவிட்டால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கெட்டிக் காகிதத்தால் உருண்டைகளைத் திரட்டி மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள்.