உயிரை எண்ணினால் போதும்

'ரேடியோ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, அசை மூன்று. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதற்கு ஒன்பது எழுத்து, அசை ஒன்றுதான். காரணம் தமிழருக்குப் புதிதல்ல. உயிர், மெய் என்று நம் இலக்கணம் அன்றே பெயர் வைத்துவிட்டது. ஒரு சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ, ஆங்கிலத்தில் அத்தனை அசை. (நம் யாப்புக் கணக்கு வேறு: 'மலர்' அங்கே ஒரே நிரையசை, இந்தக் கணக்கில் இரண்டு.)

நேரலைக்கு முன் ஆங்கிலப் பெயர்களை நான் சரிபார்ப்பது சுலபமான வழியில். தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்வேன். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை அசை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. என் அக்கா மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 'ஃபில்ம்' என்பதை 'பிலிம்' என்று வாசித்ததற்கு வகுப்பில் சிரித்துவிட்டார்கள். அதன்பின் இரண்டு வாரம் ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க மறுத்தான். பாவம், அவன் காதில் குறையே இல்லை. மெய்கள் நெருக்கியடித்து நிற்பது தமிழுக்குப் பிடிக்காது. இடையில் ஓர் உயிரை நுழைத்துவிடும். மலாயும் அப்படித்தான். 'கிளாஸ்' அங்கே 'கெலாஸ்'. 'ஃபில்ம்' அங்கேயும் 'ஃபிலெம்', இரண்டு அசை. பள்ளியில் 'சுக்கு காத்தா' பிரித்துப் பழகிய பிள்ளை வேறு எப்படி வாசிப்பான்?

ஆங்கிலமோ எதிர்த்திசையில் போகும். எழுதிய உயிரையும் பேச்சில் விழுங்கிவிடும். 'சாக்லெட்' எழுத்தில் மூன்று அசைபோல் தெரியும், வாயில் இரண்டு. புதன்கிழமை பேச்சில் 'வென்ஸ்டே', இரண்டு. எழுத்துக்கூட்டும்போது மட்டும் 'வெட்-நெஸ்-டே' என்று மூன்றாகப் பிரித்தால் விழுங்கிய எழுத்து விடுபடாது. வாய்க்கு இரண்டு, பென்சிலுக்கு மூன்று என்று சொல்லிக்கொடுங்கள்.

இன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கலாம். 'ரைஸ்' ஒன்று, 'சிக்கன்' இரண்டு, 'டொமேட்டோ' மூன்று, 'வாட்டர்மெலன்' நான்கு. அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் தாடையில் கை வைக்கட்டும். எண்ணிக்கை தப்பினால் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம். சத்தமாக வாசிக்கும் துணிச்சல் பிள்ளைக்கு அங்கிருந்துதான் வரும்.